நூற்றைம்பது மீட்டர்

காலை ஆறே முக்காலுக்கு
திமிலைதீவு ஓடுபாதையில்
முதல் வேலை பூச்சியம் எடுப்பது.
வடித்த காற்றைக் கருவிக்குள் விட்டு
இதுதான் ஒன்றுமில்லாதது என்று
அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.
அது நம்ப ஏழு நிமிடம் எடுக்கும்.

விமானத்தின் முதுகில் ஒரு எஃகுக் குழாய்,
சுண்டுவிரல் பருமன்.
மட்டக்களப்பு வானம் முழுதும்
அதற்குள்ளால்தான் வர வேண்டும்.
உள்ளே நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று வெளிச்சம்.
எவ்வளவு சிதறியது, எவ்வளவு விழுங்கப்பட்டது,
இரண்டும் தெரிந்தால் புகையின் குணம் தெரியும்.
கடலுப்பு சிதறடிக்கும், விழுங்காது.
கரி விழுங்கும்.
இதை உவமையாக எடுக்க வேண்டாம்,
உண்மையிலேயே அப்படித்தான்.

மூவாயிரம் மீட்டரில் கருவிக்கு வேலையில்லை.
கெப்டன் விஜேகோன் இஞ்சி மிட்டாய் சப்பினார்.
எனக்கும் ஒன்று தந்தார்.

சுருள் சுருளாக இறங்கினோம்.
இரண்டாயிரத்து நூறில் ஒரு மெல்லிய படலம்,
ஆறிய பால்தேத்தண்ணியின் ஆடை மாதிரி.
வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தது.
யாருடைய சூளை, யாருடைய அடுப்பு,
கேட்டுச் சொல்ல ஆளில்லை.

ஆயிரத்து நூறில் மூன்று கோடும் துள்ளின.
படுவான்கரையில் அறுவடை முடிந்து
வைக்கல் எரிக்கிறார்கள்.
ஒரு வட்டை கறுப்பு, பக்கத்து வட்டை மஞ்சள்,
நடுவே வரம்பில் ஒரு மோட்டார் சைக்கிள்.
கிழக்கே கல்லடிப் பாலம் தீக்குச்சி நீளம்.
அதற்கப்பால் எது கடல் எது வானம் என்று
பிரிக்க முடியாத வெள்ளை.
அந்த வெள்ளைக்கு இலக்கம் போடத்தான்
எனக்குச் சம்பளம்.

நூற்றைம்பதில் நேராக ஓட வேண்டும்,
மண்முனைப் பாலத்திலிருந்து வடக்காக,
வாவி மேலால், எழுபது செக்கன்.
பிறகு திரும்பி அதே கோட்டில்.
மொத்தம் நாலு தரம்.

முதல் தரம்.
வாவி நடுவில் ஒரு தோணி.
ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.
எங்கள் நிழல் அவரைத் தொடக்கூட இல்லை.
வலையை விட்டார்.
தோணிக்குள் குப்புறப் படுத்தார்,
இரண்டு கையும் பிடரியில்.

"நித்திரை போல" என்றார் கெப்டன்.
"ஓம்" என்றேன்.

பிடரியில் கை கோத்து யாரும் நித்திரை கொள்வதில்லை.
அந்தப் படுக்கை எனக்கு ஏழு வயதில் பழக்கம்.
முழங்கையை ஊன்ற வேண்டும்,
நெஞ்சு தரையில் முட்டக் கூடாது,
வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் காது போய்விடும்.

கருவி எழுதிக்கொண்டிருந்தது:
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது,
நூற்றுப் பதினெட்டு.
ஆடாத, அசையாத தரவு.
அந்தப் பருவத்திலேயே ஆக நல்லது.

விமானம் சரிந்து திரும்பியது.
"மேலே எடுங்க" என்றேன். "பறவைகள்."
"எங்கே?"
"கூழைக்கடா. நிறைய."
அவர் வாவியைப் பார்த்தார்.
மறுகா என் முகத்தைப் பார்த்தார்.
மிட்டாயை மற்றக் கன்னத்துக்கு மாற்றி
மூக்கை உயர்த்தினார்.

பேராதனையிலிருந்து கலாநிதி ஷிரந்தி கேட்டாள்:
அடியில் ஏன் ஒரே ஒரு தரம்?
பிழைக்கோடு இவ்வளவு அகலமாக வருகிறதே?
கூழைக்கடா என்று எழுதினேன்.
அது அடிக்குறிப்பாகப் போனது.
அந்த எழுபது செக்கனை நான் அழிக்கவில்லை.
பதினொராவது செக்கனிலிருந்து
அவர் அதற்குள் படுத்திருக்கிறார்.

அடுத்த பறப்புக்கு முதல்
வாவி மீனவர் சங்கத்துக்கு ஒரு கடிதம்:
இன்ன திகதி, இன்ன நேரம்,
வெள்ளை விமானம், இரண்டு இயந்திரம்,
காற்றை அளக்கிறோம், வேறொன்றுமில்லை.
கடைசி வரியை நாலு தரம் வெட்டி எழுதினேன்.

செயலாளர் தெய்வநாயகி கையெழுத்தோடு
பதில் வந்தது, கொப்பித் தாளில்:
கடிதம் கிடைத்தது.
எல்லாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம்.
விளங்கிச்சு.
சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஏலுமா?